குற்றவாளி ஷிங்கிள் அல்ல

செப்ரெம்பர் 28, ரொறன்ரோ

மேப்பிள் இலை நிறம் மாறத் தொடங்கியதும் கூரை வேலைக்காரர்களின் துண்டுப்பிரசுரங்கள் கதவிடுக்கில் வந்து விழும். பனி கொட்டுமுன் கூரையைச் சோதியுங்கள் என்பார்கள். சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனை என்றதும் எல்லோரும் அண்ணாந்து ஷிங்கிளையே பார்க்கிறார்கள். மாரிக்கு முன் கிடுகு வேய்ந்தும் உடைந்த ஓட்டை மாற்றியும் பழகிய யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு அது இயல்புதான்; அங்கே கூரைக்கு எதிரி மழை, அது மேலிருந்து வரும். இங்கே குளிர்காலத்தில் கூரையைக் கெடுப்பது பெரும்பாலும் கீழிருந்து வருகிறது: காசு கொடுத்து எரிக்கும் வெப்பமும், நம் குளியலும் சமையலும் மூச்சும் கிளப்பும் ஈரமும். ஆகவே இலையுதிர்காலச் சோதனை அற்றிக்கில், அதாவது மேல்மாடிச் சீலிங்குக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே கிடக்கும் முக்கோண வெளியில், தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜனவரியில் கூரை விளிம்பில் ஈட்டி ஈட்டியாகத் தொங்கும் பனிக்கட்டியே முதல் சாட்சி. வெளியே மைனஸ் 10 பாகை. வெயில் படாத வடக்குச் சரிவு. அங்கேயும் பனி உருகி வழிகிறது என்றால் சூடு அடியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தடிப்பாகக் கிடக்கும் பனி கூரைக்குப் போர்த்திய கம்பளி. அடியில் கசியும் கொஞ்ச வெப்பத்தையும் அது வெளியே விடாது. உருகிய நீர் பனிக்கு அடியால் வழிந்து விளிம்புக்கு வரும். விளிம்போ சுவரைத் தாண்டி நீண்டிருப்பது. அதன் கீழே வீட்டுச் சூடு இல்லை. அங்கே நீர் மறுபடி உறைந்து அணையாகும். அணைக்குப் பின்னால் தேங்குவது மேல்நோக்கி ஏறி ஷிங்கிளுக்கு அடியில் புகும். ஷிங்கிள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடும் நீரை வழித்துவிடச் செய்யப்பட்டது. தேங்கும் நீரைத் தடுக்கச் செய்யப்பட்டதல்ல. போன மாதம் போட்ட புதுக் கூரைக்கும் இதே விதிதான்.

ஒக்ரோபர் 5

பீலி அடைபட்டதால்தான் பனி அணை கட்டுகிறது என்பது பலரும் சொல்லும் மறுப்பு. பீலியே இல்லாத கூரையிலும் பனி அணை கட்டும். அதற்குத் தேவை சூடான நடுக்கூரையும் குளிர்ந்த விளிம்புமே. பீலியைத் துப்புரவாக்குவது வேறொரு காரணத்துக்காக அவசியம்: நிரம்பி வழியும் நீர் அத்திவாரத்தோரம் இறங்கிப் பேஸ்மென்ற்றை நனைக்கும். அதையும் இலை முழுக்கக் கொட்டிய பிறகு செய்ய வேண்டும். நோர்வே மேப்பிள் நிற்கும் தெருவில் இப்போது ஏணி வைப்பவர் நவம்பரில் இன்னொருமுறை வைக்க வேண்டிவரும்.

அடுத்த மறுப்பு கனமானது. ஷிங்கிளுக்கு அடியில் விளிம்போரம் ஒட்டும் பாதுகாப்புத் தாள் இருக்கிறதே, பிறகு என்ன பயம்? கனடாவின் தேசியக் கட்டடச் சட்டக்கோவை இத்தாள் விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலேறி, வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றராவது உள்ளே போக வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அது அணை கட்டும் என்று ஒப்புக்கொண்டு, கட்டினால் பலகை நனையாமல் காப்பாற்றும் விதி. அணை கட்டாமல் தடுப்பதல்ல. சாய்வு குறைந்த கூரையில் தேங்கும் நீர் அந்த எல்லையையும் தாண்டிப் போகக்கூடும்.

ஒக்ரோபர் 13

தாங்ஸ்கிவிங் விடுமுறையில் அற்றிக்கைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு: உள்ளே கோடைப் புழுக்கமும் இல்லை, உறைபனியும் இல்லை. நல்ல விளக்கு வேண்டும், முகக்கவசம் வேண்டும், காலை மரச்சட்டத்தில் மட்டும் வைக்க வேண்டும். சாம்பலும் பொன்னிறமும் கலந்த சிறு கூழாங்கல் போன்ற பொருள் பரப்பியிருந்தால் அது வெர்மிகியுலைற்றாக இருக்கலாம். 1990க்கு முந்திய வீடுகளில் அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. தொடாமல் இறங்கிவிடுங்கள், பரிசோதிப்பவரை அழையுங்கள்.

அப்படி இல்லையென்றால் அற்றிக் தானே வாய்விட்டுச் சொல்லும். கண்ணாடியிழை இன்சுலேசன் சில இடங்களில் மட்டும் கறுத்திருக்கும். அது அழுக்கல்ல, சாட்சியம்: வீட்டுக்குள்ளிருந்து காற்று அந்த வழியே ஏறி, தூசியைப் படியவிட்டுப் போயிருக்கிறது. கறுத்த துண்டைத் தூக்கினால் கீழே மின்கம்பி ஏறும் துவாரமோ, சீலிங் விளக்கின் பெட்டியோ, கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளியோ இருக்கும். பிறகு அண்ணாந்து பலகையைப் பாருங்கள். ஷிங்கிளை அறைந்த ஆணிகளின் கூர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சுற்றி மரத்தில் துருவளையம் இருந்தால் போன குளிர்காலத்தில் காற்றிலிருந்த ஈரம் அங்கே படிந்து உறைந்திருக்கிறது. மார்ச் மாதம் ஒரு சூடான நாளில் அந்த உறைபனி மொத்தமும் உருகிச் சீலிங்கில் கறையாக இறங்கும். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரரை அழைப்பார். அவரும் நல்ல ஷிங்கிளைக் கழற்றிப் புதிதாகப் போடுவார். அடுத்த மார்ச்சில் அதே இடத்தில் கறை.

ஈரம் எங்கிருந்து? பல வீடுகளில் குளியலறைக் காற்றாடியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அற்றிக்குள்ளேயே முடிந்துகிடக்கும். நம் சமையலறையையும் சொல்ல வேண்டும். புட்டும் இடியப்பமும் அவியும் வீட்டில், ஆவியை வெளியே தள்ளாமல் வடிகட்டிச் சுழற்றிவிடும் அடுப்புக் காற்றாடி இருந்து என்ன பயன்?

நவம்பர் 1

இன்றிரவு கடிகாரம் ஒரு மணிநேரம் பின்போகிறது; வெயிலும் குறைந்துவருகிறது. ஷிங்கிளின் ஒட்டுப்பசை பிடிக்க வெயிலின் சூடு வேண்டும். ஆகவே வெளியே செய்ய வேண்டிய சில்லறை வேலை, வெடித்த ரப்பர் வளையம், கிளம்பிய தகடு போன்றவை, இன்னும் தள்ளிப்போட முடியாதவை. அவற்றை ஏணியில்லாமல் தரையில் நின்றே தொலைநோக்கியால் கண்டுபிடிக்கலாம்.

உள்வேலைக்குத்தான் வரிசை முக்கியம். இன்சுலேசனைக் கூட்டிவிட்டால் போதும் என்பவர்கள் பாதி சரி. ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டும் வீட்டின் அற்றிக்குக்குப் பொதுவாகக் கேட்கப்படும் வெப்பத்தடை அளவு ஆர்-60; ஊதிப் பரப்பும் செலுலோஸ் என்றால் ஏறக்குறைய 17 அங்குலம். பழைய வீடுகளில் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் துவாரங்களை அடைக்காமல் தடிப்பை மட்டும் கூட்டினால் அற்றிக் இன்னும் குளிரும், ஏறிவரும் ஈரம் இன்னும் வேகமாக உறையும். முதலில் துவாரம், பிறகு தடிப்பு. புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளிக்கு நுரை அடிக்கக் கூடாது. தகரமும் தீத்தாங்கும் பசையும் வேண்டும். பழைய சீலிங் விளக்குகள் சிலவற்றை இன்சுலேசனால் மூடினால் தீ அபாயம். விளிம்போரக் காற்றுத் துவாரங்களை இன்சுலேசன் அடைக்கவும் கூடாது. சீலிங் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு காற்றோட்டத் திறப்பு வேண்டும் என்பதே வழக்கமான கணக்கு. அற்றிக்கில் மின்விசிறி பூட்டுவது தீர்வு என்பார்கள். துவாரம் அடைக்காத வீட்டில் அது கீழேயுள்ள சூடான காற்றையே உறிஞ்சும்.

வெப்பக் கம்பி பதிக்கலாம், நீளக் கைப்பிடி வாரியால் பனியை இழுக்கலாம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. இரண்டும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் செய்ய வேண்டும், காரணம் அப்படியே இருக்கும். கோடரியால் கொத்துவதும் உப்புக் கொட்டுவதும் வேண்டவே வேண்டாம். குளிரில் ஷிங்கிள் எளிதில் உடையும், உப்பு தகரத்தை அரிக்கும். என் வாதம் செல்லாத வீடுகளும் உண்டு: சாய்வான சீலிங் கொண்ட ஒன்றரை மாடிப் பழைய வீடுகளில் அற்றிக் என்று சொல்ல இடமே இல்லை. அங்கே விளிம்புத் தாளையும் வாரியையும் நம்பத்தான் வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரைக்காரர் விலை சொல்ல வரும்போது, "எங்கள் குளியலறைக் காற்றாடிக் குழாய் எங்கே வெளியே போகிறது?" என்று கேளுங்கள். அற்றிக் மூடியைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.