தொப்பிக்குக் கீழே யார்?

அன்புத் தோழிக்கு,

நீ அனுப்பிய கறுப்பு வெள்ளைப் பாட்டுப் படத்தைப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் ஒரே தொப்பி, ஒரே சட்டை. "யார் யார் என்று சொல்லேன்" என்கிறாய். வெஸ்டர்ன் ஸ்விங் இசைக் குழுக்களின் வாத்தியக்காரர்களை முகம் பார்த்துப் பிடிப்பது, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பாக்களைத் தேடுகிற மாதிரிதான். முகத்தை விடு. காதைத் தீட்டிக்கொள், கைகளைப் பார்.

பாப் வில்ஸ் குழு என்றால் பாதி வேலையை அவரே முடித்துவிடுவார். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது. பாட்டின் நடுவிலேயே "ஆ... ஹா" என்று கூவி, அடுத்து வாசிக்கப் போகிறவரைப் பேர் சொல்லி அழைப்பார். "லியான்" என்றால் ஸ்டீல் கிதார் லியான் மெக்காலிஃப். அவர் 1942 கடைசியில் போர்ச் சேவைக்குப் போய்விட்டார். "டைனி" என்றால் மாண்டலின் டைனி மூர். பேர்தான் பொடியன், ஆள் வாட்டசாட்டம். அவர் வந்தது 1946இல். இப்படியே படத்தின் காலமும் பிடிபட்டுவிடும்.

வில்ஸ் குழுவின் பாடகர் டாமி டங்கன் கதை தெரியுமா? வில்ஸ் குடித்துவிட்டு மேடைக்கு வராத நாட்களில் ரசிகர்களிடம் ஏச்சு வாங்கியவர் இவர். ஒருநாள் முணுமுணுத்தது முதலாளி காதில் விழ, கிதார்க்காரர் எல்டன் ஷாம்ப்ளினை விட்டே சீட்டைக் கிழித்தாராம். அது 1948. 1960 வாக்கில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள் என்பதையும் நினைவில் வை; டங்கன் தெரிகிறார் என்பதற்காகவே படம் 1948க்கு முந்தையது ஆகிவிடாது.

இன்னொரு குழுத் தலைவர் ஸ்பேட் கூலியிடமும் இதே கூத்து. 1946இல் அவர் பாடகர் டெக்ஸ் வில்லியம்ஸை நீக்க, குழுவில் பெரும்பாலோர் பாடகர் பின்னாலேயே போய்விட்டார்கள். அதனால் ஸ்டீல் கிதார் ஹுவாகின் மர்ஃபியை இரண்டு தலைவர்களுக்குப் பின்னாலும் பார்க்கலாம். 

இனி முக்கியமான சங்கதி. இடக்கையால் ஃபிடில் வாசிப்பவரைக் கண்டதும் "ஜோ ஹாலி!" என்று துள்ளாதே. வில்ஸ் குழுவின் ஹாலி இடக்கைக்காரர்தான். ஆனால் 1940களில் காசு போட்டுப் பார்க்கிற பனோராம் பெட்டிகள் இருந்தன. 10 சென்ட் போட்டால் ஒரு பாட்டு. உள்ளே படம் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரையில் விழும் என்பதால், அந்தப் பெட்டிகளில் ஓடிய 'சவுண்டி' என்ற பாட்டுப் படங்களின் பிரதிகளை இடவலம் மாற்றியே அச்சடித்தார்கள். அதை அப்படியே நகலெடுத்தால் ஊரே இடக்கைதான்! சட்டையைப் பார்: ஆண்கள் சட்டையில், போட்டிருப்பவருக்கு இடப்பக்கத் துணி மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே இருந்தால் படம் புரண்டிருக்கிறது.

இன்னொன்று: சவுண்டிகளில் ஒலியை முன்பே பதிந்துவிட்டுப் பிறகு வாயசைத்து நடிப்பார்கள். கேட்கிற வில் ஒருவருடையது, தெரிகிற கை வேறொருவருடையது என்றும் இருக்கலாம்.

ஆகவே இரண்டு அடையாளமாவது ஒத்துப்போனால் மட்டும் பேரை எழுது. இல்லையா, 'ஃபிடில்காரர்' என்று விட்டுவிடு. ஒருவர் வாசிப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவதற்கு அது எவ்வளவோ மேல்.

பிரியமுடன்,
உன் தோழி