மூடற்பெட்டியும் மின்குமிழும்

விளக்கை ஏற்றுவது எளிது. ஏற்றிய ஒளியைக் காற்றிலிருந்து காப்பதும், கண்ணுக்கு இதமாகத் தணிப்பதும் வேறொரு கலை. அக்கலையின் இரு பாடங்களையும் எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் அழகுக்கென வைக்கப்பட்டிருந்த இரண்டு பொருள்களிடமிருந்தே நான் கற்றேன். ஒன்று, நீலப் பூவேலை கொண்ட கண்ணாடிப் பூச்சாடி. மற்றையது, பெரியம்மா சாயமிட்ட பனங்குருத்தோலையில் இழைத்து அம்மாவின் கலியாணத்துக்குக் கொடுத்த மூடற்பெட்டி. சிறுவராகிய நாம் இரண்டையும் தொடுவதற்கு அனுமதி இருக்கவில்லை.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெயும் அருமையாயிற்று, கிடைத்த சொற்பமும் பன்மடங்கு விலைக்கே கிடைத்தது. அக்காலத்து மாணவர் யாவரும் ஜாம் போத்தல் விளக்கை அறிவர். போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அது ஊறுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வின் குழலுக்குள் திரியைச் செருகிக் கம்பியால் நிறுத்திவிட்டால், போத்தலே காற்றுக்கு மறைப்பாகிவிடும். எண்ணெய்ச் செலவு மிகக் குறைவு. ஆயின் சுடரும் சிறிது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அது போதவில்லை. வீட்டிலிருந்த மேசை விளக்கின் சிமிலியோ உடைந்துபோயிருந்தது. கடைகளிலே மாற்றுச் சிமிலி கிடைக்கவில்லை.

ஒருநாள் மாலை அண்ணன் அலுமாரியைத் திறந்து பூச்சாடியை எடுத்தான். நூலொன்றைச் சில துளி மண்ணெண்ணெயில் தோய்த்துச் சாடியின் அடியைச் சுற்றிக் கட்டித் தீயிட்டான். அது எரிந்து முடியும் தறுவாயில் சாடியைக் குளிர்நீரில் அமிழ்த்தினான். சூடேறி விரிந்த வளையம் சட்டெனச் சுருங்க, அடிப்பகுதி வெடித்துத் தனியே கழன்றது. கூரிய விளிம்பைக் கல்லிலே நீர்விட்டு உரைத்து மழுக்கி, சாடியை விளக்கின் தலையிலே பொருத்தினான். 1780களிலே சுவிற்சர்லாந்து நாட்டவரான ஆர்கண்ட் தமது விளக்குக்குக் கண்ணாடிக் குழல் அமைத்துக் கண்ட பயனை அன்று நாமும் கண்டோம். குழலுக்குள் சூடேறிய காற்று மேலெழ, கீழிருந்து புதிய காற்று இழுக்கப்படுகின்றது. சுடர் ஆடாது நிமிர்ந்து, புகை குறைந்து, கூடிய ஒளி தருகின்றது. சுவரெங்கும் நீலப் பூக்களின் நிழல்கள் விழுந்தன. அம்மா அன்றிரவு அண்ணனுடன் பேசவில்லை. மறுநாள் இரவு அதே வெளிச்சத்தில் அமர்ந்து கிழிந்த சட்டைகளைத் தைத்தார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது பூச்சாடியை விட்டுச்செல்ல நேர்ந்தது. அம்மா கையில் எடுத்தது மூடற்பெட்டியை. காணி உறுதியும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் அதற்குள்ளே இருந்தன. அலுமாரியிலே வெறுமனே இருந்த அழகுப்பொருள் அன்று எங்கள் குடும்பத்தின் பெட்டகமாயிற்று. 1996இல் நாம் திரும்பி வந்தபோது பூச்சாடியின் நீலத் துண்டுகள் சில தரையிலே கிடந்தன. பெரியம்மா இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமாகியிருந்தார்.

பின்னர் மின்சாரம் படிப்படியாக மீண்டது. நெடுங்காலம் இருளிற் பழகிய கண்களுக்கு 60 வாற் மின்குமிழ் பெரும் கொண்டாட்டமாக இருந்தது. ஆயினும் வெறுங்குமிழ் கண்ணைக் கூசச் செய்தது. அண்ணனைப் போல நானும் ஒரு புதுமை செய்ய எண்ணி, அம்மா இல்லாத வேளையில் மூடற்பெட்டியைக் கம்பியிலே தொங்கவிட்டுக் குமிழுக்குக் கூடாக்கினேன். இழையுள்ள மின்குமிழ் உட்கொள்ளும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை, எஞ்சியது வெப்பமே. இதனைப் பாடப்புத்தகத்திற் படித்திருந்தும், ஓலை கருகும் மணம் எழுந்தபோதுதான் உணர்ந்தேன். பெட்டியின் ஒருபுறம் உள்ளங்கையளவு கரிந்துவிட்டது. அம்மா என்னை ஏசவில்லை. பெட்டியைத் துடைத்து, கரிந்த பக்கம் சுவரை நோக்க, அலுமாரியில் வைத்தார். ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் அறையின் வெளிச்சம் அவருக்குத் தாங்கவில்லை. இப்போது எங்கள் வீட்டிலே எரிவது 7 வாற் எல்.ஈ.டி. குமிழ், அதன் சூடு ஓலையைக் கருக்கப் போதாது, சுற்றிலும் காற்றோட்டத்துக்கு இடம் விட்டால் அச்சமில்லை. மூடற்பெட்டியைக் கேட்க எனக்கு நா எழவில்லை. அம்மாவே அதனை எடுத்து வந்து என் முன்னே வைத்தார். அடியிலே துளையிட நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாதை தம்பி. வெட்டினால் எல்லாம் கழண்டு போம். அவிட்டுத்தான் எடுக்கவேணும்."

தண்ணீர் தெளித்து ஓலையைப் பதப்படுத்தி, அடியின் நடுவிலே சில இழைகளை மட்டும் அவிழ்த்து, அவற்றின் நுனிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி மடித்து அடுத்த இழைக்குள்ளே செருகினார். வயரும் குமிழ்தாங்கியும் செல்லுமளவுக்கு ஒரு துளை அமைந்தது. ஓர் இழையேனும் அறுபடவில்லை. அந்தப் பன்னவேலையை அவருக்குக் கற்பித்தவர் பெரியம்மாதான்.

பெட்டியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டேன். சிவப்பும் பச்சையுமாகிய சாயங்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆயின் உள்ளிருந்து ஒளி பட்டதும், ஓலை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் ஒழுங்கு முழுவதும் தெளிவாகப் புலப்பட்டது. இத்தனை ஆண்டுகள் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தும் நாம் அதனைக் கண்டதில்லை. கரிந்த இடம் இருண்டு தெரிந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்ப முனைந்த என் கையை அம்மா தடுத்தார். நெடுநேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அக்காவின்ரை கை ஒரு இழைகூடப் பிழைக்கேல்லை."

அந்த ஒளி அவருடைய கண்ணைக் கூசச் செய்யவில்லை.