இலை போனாலும் வேர் இருக்கு

மீன் தொட்டிக்குப் பின்னால் பச்சைத் திரை மாதிரி, ரிப்பன் கணக்கா நீள இலையோட ஒரு செடி நிக்கும், பார்த்திருப்பீங்க. கடையில் வாலிஸ்நேரியா என்பார்கள். வாலிஸ்நேரி (1661–1730) என்ற இத்தாலி மருத்துவர் பேரை அதுக்கு வச்சிருக்காங்க. எங்க பக்கம் குளத்துல தானா கிடக்கிற பாசிதான்.

சென்னையில் இருக்கிற மகள் போன தடவை வந்தப்ப, பேரன் ஆசைப்பட்டான்னு பத்துச் செடி எடுத்துட்டுப் போனாள். வயல் வடிகால்ல எடுக்க நான் விடலை. அதுல பூச்சிமருந்து கலந்திருக்கும், மீன் செத்துடும். குளத்துல எடுத்து அலசி, நத்தை, அட்டை இல்லாம பார்த்துத்தான் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் போன். "அப்பா, இலையெல்லாம் கூழாப் போச்சு. தூக்கிப் போட்டுறவா? இவன் வேற அழுவுறான்."

"வேரைப் பாரும்மா. வெள்ளையா, கெட்டியா இருந்தா தொடாதே. அழுகின இலையை மட்டும் கிள்ளி எடுத்துடு" என்றேன்.

நாத்தைப் பிடுங்கி நட்டா ஒரு வாரம் வெளிறித்தான் நிக்கும். வேர் பிடிச்ச பிறகுதான் பச்சை கட்டும். இதுவும் அப்படித்தான். தண்ணி மாறினா பழைய இலையை விட்டுட்டு, அந்தத் தண்ணிக்கு ஏத்த புது இலை விடும். அதுக்குள்ள செத்துப்போச்சுன்னு பலரும் பிடுங்கி எறிஞ்சிடுறாங்க.

நெல் நாத்து மாதிரி மேலாகத்தான் நடணும். வேர் மட்டும் மணலுக்குள்ள, குருத்து வெளியே. புதைஞ்சா அழுகிடும். ஆர்.ஓ. தண்ணி வேண்டாம். போர் தண்ணியில் இருக்கிற பைகார்பனேட்டிலிருந்தே இது கார்பனை எடுத்துக்கும், தனியா கேஸ் சிலிண்டர் தேவையில்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் விளக்கு போதும்.

மூணாவது வாரம் போட்டோ வந்தது. பத்துல ஏழு துளிர்த்திருந்தது. அப்புறம் அருகம்புல் மாதிரி கொடி ஓட்டி, பக்கத்துல குட்டி போட ஆரம்பிச்சது. இப்ப மீன்குஞ்சுகள் அதுக்குள்ளதான் ஒளியுதாம். பேரன் தினமும் எண்ணுகிறான்.

ஒரு வேண்டுகோள். தொட்டியில் அதிகமாகிட்டா ஏரியிலோ குளத்திலோ கொட்டாதீங்க. கடைச் செடி எந்த ஊர்ச் செடின்னு தெரியாது. வெயில்ல காயவச்சு மாடித் தோட்டத்துக்கு உரமாப் போடுங்க.