மூச்சு விடும் சுவர்கள்

திருவனந்தபுரத்தின் வடபுறத்தே ஸ்ரீகாரியம் என்னும் இடத்தில் இயேசு சபையினரின் லயோலா கல்வி நிறுவனங்கள் அமைந்துள்ளன. அவ்வளாகத்தில் 1970-களின் தொடக்கத்தில் எழுந்த சிற்றாலயத்தைக் காணச் சென்றோம். ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரத்தக்க ஆலயத்திற்குச் சிற்றாலயம் என்று பெயர்!

வெளியே வெயில் தகித்தது. உள்ளேயோ கண் கூசாத ஒளி. உடலைத் தழுவும் மென்காற்று. பளிங்கு இல்லை, சுவருக்குப் பூச்சும் இல்லை. எங்கு நோக்கினும் வெறும் செங்கல்லே. இதனை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, தொழுநோயாளர் பணிக்கென 1945-இல் இந்தியா வந்து, 2007-இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் வீடு கட்டுக என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் நெறியாகக் கொண்டவர்.

அவ்வாலயத்தின் உயர்ந்த சுவர் உண்மையில் இரட்டைச் சுவர். நடுவே இடைவெளி விட்டு, குறுக்குச் செங்கற்களால் இரண்டையும் பிணைத்துள்ளனர். இதனால் கம்பியும் கான்கிரீட்டும் மிகுதியாக இன்றியே சுவர் உறுதி பெறுகிறது. வெளிச் சுவர் ஏற்ற வெப்பமும் உள்ளே எளிதில் எட்டுவதில்லை. சுவரின் அடி முதல் உச்சி வரை செங்கற்களை இடைவிட்டு அடுக்கிச் சல்லடை போல் துளைகள் அமைத்துள்ளனர். கீழ்த்துளைகள் வழியே காற்று நுழைகிறது; சூடேறி மேலெழும் காற்று உச்சித் துளைகள் வழியே வெளியேறுகிறது. வெயிலும் செங்கல்லின் பக்கங்களில் பட்டுச் சிதறி, மென்மையான ஒளியாகவே உள்ளே வருகிறது. ஈரப்பதம் மிகுந்த கேரளத்தில் வியர்வை உலர வேண்டுமெனில் காற்று அசைய வேண்டும். அவ்வசைவை இங்கே சுவரே தருகிறது!

நம் குடும்பங்கள் இன்று கட்டும் இல்லங்களை எண்ணிப் பார்ப்போமா? முற்றத்தையும் திண்ணையையும் கைவிட்டோம். மேற்கு வெயிலுக்குக் கண்ணாடிச் சன்னல் வைத்தோம். பின்னர் அவ்வெப்பத்தை விரட்டக் கடன்பட்டுக் குளிர்சாதனம் வாங்குகிறோம். மின்சாரம் நின்றால் கைக்குழந்தையும் முதியோரும் தவிக்கின்றனர். அதன் கட்டணமோ மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது.

சல்லடைச் சுவர் எல்லா அறைக்கும் ஏற்றதன்று. கொசுவுக்கு உட்புறம் வலை வேண்டும். சாரலுக்கு நீண்ட இறவாரம் வேண்டும். ஆயினும் அடித்தளம் தோண்டுமுன் கொத்தனாரிடம் இரண்டு கேள்விகள் கேட்பதற்குச் செலவேதும் இல்லை: காற்று எத்திசையிலிருந்து வருகிறது? அது எவ்வழியே வெளியேறும்? இவற்றுக்கு விடை கண்டபின் எழும் வீட்டில், ஏழையின் குழந்தையும் நண்பகலில் அயர்ந்து உறங்கும்.