அரைச் சுற்று

நான் பி.காம். படித்தவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதன் விலை, அப்புறம் அதன் தேய்மானம், அதற்கும் அப்புறம்தான் பொருளே என் கண்ணுக்குத் தெரியும். படித்து முடித்து இருபத்தைந்து வருடமாகியும் விடாத வியாதி.

இந்த வியாதியோடு போன மே மாதம் இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரத்தில், பெரியப்பா மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயது. ஐ.டி. வேலை. அதிகம் பேசமாட்டார். அண்ணி கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள், "வா, ஒண்ணு காட்டறேன்" என்று வீட்டை ஒட்டிய காரேஜுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே ஒரு சிவப்புக் கார். இரண்டே சீட். கதவுக்கு மேல் கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொட்டுவிடலாம் போல அவ்வளவு தாழ்வு. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1968ல் செய்தது. 1296 சிசி இன்ஜின், இரட்டை கார்புரேட்டர். இரண்டாம் உலகப் போரில் பறந்த போர் விமானத்தின் பெயரை இந்தச் சின்ன வண்டிக்கு வைத்திருக்கிறார்கள்.

"எங்கே புடிச்சீங்க இதை?"

"புடிச்சப்போ இது கார் இல்லடா. ஒரு பண்ணையில கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்த இடம்."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அன்றிலிருந்து சனி, ஞாயிறு எல்லாம் இந்தக் காரேஜில்தான். காரேஜ் சுவரில் ஆணி அடித்து ஒரு நோட்டு தொங்கியது. கணக்கு நோட்டு. விடுவேனா? எடுத்துப் புரட்டினேன். வாங்கிய விலை 1,900 பவுண்டு. வெல்டிங் மெஷின், தகரம், பிஸ்டன் ரிங், பெயிண்ட், போல்ட், நட்டு... மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். 14,000 பவுண்டைத் தாண்டியது. இதே வண்டியை நல்ல கண்டிஷனில் பத்தாயிரத்துக்குள் வாங்கிவிடலாம் என்று அண்ணனே சொன்னார். ஒன்பது வருட வார இறுதிகளுக்குக் கூலி இதில் சேரவில்லை.

"அண்ணா, இது சுத்த நஷ்டம்."

"தெரியும்" என்றார். அவ்வளவுதான். அவர் அப்படித்தான்.

இங்கிலாந்தில் இப்படித் தெரிந்தே நஷ்டப்படுகிறவர்கள் ஏராளம். ஸ்பிட்ஃபயர் 1962லிருந்து 1980 வரை தயாரானது. மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பணக்கார வண்டி இல்லை. குமாஸ்தாவும் வாத்தியாரும் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். அதனால் இன்றும் நிறைய மிச்சம் இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸை கேட்டலாக் பார்த்துப் புதுசாக வாங்கலாம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு சங்கம் உண்டு. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு அரசாங்கம் சாலை வரி கேட்பதில்லை. 2018லிருந்து, பெரிய மாற்றம் செய்யாத பழைய வண்டிகளுக்கு வருடாந்தரப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர்கூட காரேஜுக்குள் மல்லாந்து படுத்துக் கிடக்கிறார். கையில் ரிப்பேர் புத்தகம். அந்தப் புத்தகங்களில் ஒரு வேடிக்கை. எப்படிக் கழற்றுவது என்று பத்துப் பக்கம் படம் போட்டிருக்கும். மறுபடி மாட்டுவதற்கு, இதையே தலைகீழாகச் செய்யவும் என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் சில பேருடைய பத்து வருடம் போய்விடுகிறது.

ஆனால் எங்கள் அண்ணனுக்கு இந்தக் கிறுக்கின் விதை ராயப்பேட்டையில் விழுந்தது.

பெரியப்பா கார் மெக்கானிக். சந்துக்குள் ஒரு ஷெட். அந்தக் காலத்தில் ரோட்டில் மூணே மூணு ஜாதி கார்கள்தான். அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெரியப்பா ஹெரால்டு ஸ்பெஷலிஸ்ட். 1961லிருந்து பத்து வருடம், சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான வண்டி அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் முன்பக்கம் மொத்தமும், மட்கார்டோடு சேர்த்து, முதலை வாய் மாதிரி மேலே திறக்கும். மெக்கானிக் டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். முட்டுச் சந்தில் ரிவர்ஸ் எடுக்காமல் திருப்பிக் காட்டி, "எந்த வண்டி இப்படித் திரும்பும்?" என்று பெரியப்பா சவால் விடுவார்.

அண்ணனுக்குப் பத்து வயதிருக்கும்போது ஷெட்டில் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பார்த்துவிட்டார். பளார் என்று ஒன்று விழுந்தது. "கையில கிரீஸ் ஒட்டிச்சுன்னா ஜென்மத்துக்கும் போகாது. போய்ப் படி." அதற்கப்புறம் அண்ணன் ஷெட் பக்கம் போகவில்லை. படித்தார், வேலை கிடைத்தது, வெளிநாடு வந்தார். அப்பாவோடு பேச்சும் குறைந்தது. சண்டையெல்லாம் இல்லை. பேச விஷயம் இல்லை. இருபது வருடம் போனில் மூன்றே கேள்விகள்தான். சாப்பிட்டியா? அங்க குளிரா? பணம் வந்துச்சா? அப்புறம், "அம்மாகிட்ட குடுக்கறேன்."

அந்த ஹெரால்டின் தம்பிதான் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டிய வண்டி. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. முதலை வாயும் அப்படியே இருக்கிறது. பண்ணையில் கோழிகளை விரட்டிவிட்டு அந்த பானெட்டைத் தூக்கிப் பார்த்த அண்ணன், பேரமே பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டார்.

வாங்கி ஆறாவது மாதம் வினை வந்தது. சேஸிஸைக் குட்டையாக்கியபோது பக்கவாட்டு இரும்புகளை எடுத்துவிட்டார்கள். அதனால் ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டிதான் பாடியின் பலம். அதற்கு சில் என்று பெயர். முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். அண்ணன் ஒரு சனிக்கிழமை உற்சாகமாக இரண்டு பக்கமும் அதை வெட்டி எடுத்துவிட்டார். பாடி நடுவில் தொய்ந்துவிட்டது. கதவை மூடிப் பார்த்தால் விரற்கடை அளவுக்கு இடிக்கிறது. புதுத் தகரத்தை வைத்தால் அது எதிலும் பொருந்தவில்லை.

இரவு ஒன்பது மணிக்குத் தரையில் உட்கார்ந்து அழுதாராம். அண்ணிதான் சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை. சென்னையில் அப்போது விடிகாலை ஒன்றரை. பெரியப்பாவுக்கு போன் போட்டார். எடுத்ததும் பெரியப்பா பதறி, "யாருக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"அப்பா... கார் பாடி தொங்கிடுச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, "கதவு இருக்கற எடத்துல குறுக்க இரும்புக் கம்பி குடுத்து வெல்டு வெச்சியா?"

"இல்ல."

"முண்டம். தாங்கு குடுக்காம எவன்டா வெட்டுவான்? வீடியோவப் போடு."

அன்றைக்கு விடியும்வரை பெரியப்பா தூங்கவில்லை. ஜாக்கியை எங்கே வைப்பது, எவ்வளவு தூக்குவது, கதவிடுக்கை எங்கே அளப்பது என்று போனிலேயே சொன்னார். அந்தத் தொய்வைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன்.

பிறகு டிரன்னியன் வந்தது. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன வெண்கலத் துண்டு. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்நுனியில் மரை போட்டு இதற்குள் இறக்கியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைக்குள்தான் தண்டு திரும்புகிறது. அதில் கிரீஸ் பம்ப்பை வைத்து அமுக்கப் போன அண்ணனை பெரியப்பா சென்னையிலிருந்து கத்தி நிறுத்தினார். "கிரீஸ் வெக்காதே! காஞ்சு கட்டியாயிடும். உள்ளே தண்ணி தங்கும். துரு அரிச்சு ஒருநாள் வளைவுல தண்டு படக்குனு ஒடையும். சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கிக்கும். கியர் ஆயில் ஊத்து. வெளியே ஒழுகினாலும் பரவால்ல. ஊத்திக்கிட்டே இரு."

இப்போது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச விஷயம் இருந்தது.

ஒருநாள் அண்ணன் என்னை கான்லி என்ற இடத்துக்கு அந்தக் காரிலேயே கூட்டிப்போனார். டிரையம்ப் தொழிற்சாலை இருந்த இடம். கடைசி ஸ்பிட்ஃபயர் 1980 ஆகஸ்டில் அங்கேதான் உருண்டு வெளியே வந்தது. இன்று அது பிசினஸ் பார்க். தெருப் பெயர்ப் பலகையில் மட்டும் ஹெரால்டு அவென்யூ என்று இருக்கிறது. வண்டலூரில் அதுவும் இல்லை. கார் செய்வது 1980களின் கடைசியில் நின்றுபோய், அந்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகம். அண்ணன் பலகையை போட்டோ எடுத்து பெரியப்பாவுக்கு அனுப்பினார்.

வண்டி அருமையாக ஓடியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தையல் மெஷின் மாதிரி சீராகத் துடித்தது. சனிக்கிழமை சாயங்காலம்வரை அப்படித்தான் இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணி. சென்னையில் மதியம் இரண்டரை. அண்ணன் போனை பானெட்டில் சாய்த்து வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். கடகடவென்று நடுங்கியது.

"அப்பா, ஐடிலிங் சரியில்ல. கேளுங்க."

எண்பத்து நாலு வயது பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடலடா. ரப்பர் டியூபைக் காதுல வெச்சு ஒவ்வொண்ணாக் கேளு. பின்னாடி இருக்கறது ஜாஸ்தி இழுக்குது பாரு. அந்த ஸ்க்ரூவை அரைச் சுத்து திருப்பு. மெதுவா. கையில கிரீஸ் ஒட்டினா ஒட்டட்டும்."

அண்ணன் திருப்பினார். தையல் மெஷின் திரும்ப வந்தது. அப்புறம் முக்கால் மணி நேரம் இருவரும் பேசினார்கள். பெரியம்மாவின் முழங்கால் வலி, மாடி வீட்டுக் குடித்தனம், பழைய ஷெட், எல்லாம் வந்தது.

போனை வைத்ததும் கேட்டேன். "நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ராத்திரி நான்தான் ஸ்க்ரூவைத் திருப்பி வெச்சேன்" என்றார். "வேலை முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை என்னடா பேசறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய நோட்டை நான் மறுபடி எடுக்கவில்லை.

சென்னை திரும்பியதும் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். அண்ணி கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டு, கார் பேச்சை ஜாக்கிரதையாகத் தவிர்த்தேன். அவரே ஆரம்பித்தார்.

"வண்டி எப்படி ஓடுது?"

"பரவால்ல பெரியப்பா. அப்பப்ப ஏதாவது தொல்லை குடுக்குது."

பெரியப்பா சிரித்தார். பொக்கை வாய்ச் சிரிப்பு. "எங்கிட்டயேவா? தானா லூசான ஸ்க்ரூவுக்கும் ஆள் லூசாக்கின ஸ்க்ரூவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ஒவ்வொரு வாரமும் சரியா அரைச் சுத்து. ஸ்க்ரூ அப்படிக் கணக்கா லூசாகுமாடா?"

நான் திருதிருவென்று விழித்தேன்.

"அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, "இன்னிக்கு வியாழன்தானே?" என்று கேட்டார்.