சிதறியவற்றைச் சேர்த்தவர்

நாம் குருவான புதிதில் நடந்த ஒன்று இன்றும் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடக்கிறது. நம் முதல் பங்கின் முதிய உபதேசியார் ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார். திருவிழா நோட்டீசுகள், புதுநன்மைப் படங்கள், இறந்தோர் நினைவு அட்டைகள் என அரை நூற்றாண்டுக் காகிதங்கள் அதில் அடுக்கியிருந்தன. பங்கு இல்லத்திற்கு வெள்ளையடித்த நாளில், குப்பையென்று கருதி அவற்றை நெருப்பிலிடச் சொன்னோம். “சரிங்க சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு அகன்றார்.

ஜெஃபர்சன் பர்டிக் என்ற அமெரிக்கரின் வரலாற்றை அண்மையில் படித்தபோது அந்தப் பெட்டி நம் கண்முன் வந்து நின்றது.

1880-களில் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள், சிகரெட் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே ஒரு சிறு அட்டையை வைத்தன. வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் வியாபாரம் பெருகுமே என்று கண்டுகொண்டன. நடிகைகள், பறவைகள், கொடிகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் எனப் படங்கள் வந்தன. தந்தையர் புகைத்தார்கள்; பிள்ளைகள் அட்டைக்காகக் கையேந்தினார்கள். பிறகு பெரும்பாலானவை குப்பைக்குப் போயின.

1900-இல் பிறந்த பர்டிக், நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றில் உழைத்தவர். மணமாகாதவர். மூட்டுவாதம் அவர் விரல்களை முடக்கிக்கொண்டே வந்தது. அந்த விரல்களைக்கொண்டுதான் பிறர் எறிந்த அட்டைகளைச் சேர்த்தார். வெறுமனே குவிக்கவில்லை, வகைப்படுத்தினார். 1939-இல் அவர் வெளியிட்ட பட்டியல்நூல், பின்னர் ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ என்று பெயர்பெற்றது. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘டி’ என்ற எழுத்தை அவர் இட்டார். 1909 முதல் 1911 வரை வெளிவந்த புகழ்பெற்ற வரிசையை ‘டி-206’ என்றே இன்றும் உலகம் அழைக்கிறது.

அவ்வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை மிக அரியது. தம் படத்தை வெளியிட அவர் இசையாததால் அச்சு விரைவில் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் புகையிலை வாங்கலாகாது என்று எண்ணினார் என்பர் சிலர். உரிய பணம் தரப்படவில்லை என்பர் வேறு சிலர். அவ்வட்டைகளுள் ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று!

பர்டிக் தம் செல்வத்தை என்ன செய்தார்? 1947 முதல், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்கு அனைத்தையும் கொடையாகத் தந்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள். அவற்றுள் முப்பதாயிரத்துக்கும் மேல் பேஸ்பால் அட்டைகள். வாக்னரும் அவற்றுள் அடக்கம். நோயோடு போராடியபடியே ஒவ்வொன்றையும் ஆல்பங்களில் தம் கையாலேயே ஒட்டினார். 1963 சனவரியில் பணி முடிந்தது. மார்ச்சில் அவர் உயிரும் பிரிந்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் நம் உள்ளத்தைத் தொட்டது. 2010-இல் பால்டிமோர் நகரின் நோத்ருதாம் பள்ளி அருட்சகோதரிகளுக்கு, காலஞ்சென்ற ஒரு சகோதரியின் உடன்பிறந்தார் உயில்வழி விட்டுச்சென்றதாக ஒரு வாக்னர் அட்டை வந்துசேர்ந்தது. ஓரம் வெட்டுப்பட்டு, மடிப்பு விழுந்து, நிறம் மங்கிய அட்டை. எனினும் அதன் வழியாகச் சபையின் பணிகளுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கிடைத்தது.

களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனும் சேர்த்தான். அப்பம் பகிர்ந்தபின், எஞ்சிய துண்டுகளை வீணாகாமல் சேர்க்குமாறு ஆண்டவரும் பணித்தார். இரண்டும் சேர்த்தலே. ஆயினும் முன்னது தனக்காக, பின்னது எதுவும் இழக்கப்படாதிருக்க. பர்டிக்கின் சேர்த்தல் எவ்வகை என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

நம் உபதேசியாரின் சேர்த்தலும் அவ்வகையே. சில ஆண்டுகளுக்குமுன் அப்பங்கின் நூற்றாண்டு மலருக்காக மறைந்த முன்னோரின் பெயர்களைக் கேட்டு நமக்குக் கடிதம் எழுதினார்கள். என்ன பதில் எழுதுவோம்? எரித்தவர் நாமன்றோ! உபதேசியாரிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. அவர் முன்னரே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

இப்பொழுது நம் மேசையடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. பங்கில் யாருடைய நினைவு அட்டை வந்தாலும் அதில் இடுகிறோம். நமக்குப்பின் வரும் இளங்குருவுக்கு ஒரு துண்டுக் கடிதமும் எழுதி மேலே வைத்திருக்கிறோம்: “அருள்கூர்ந்து இதை எரிக்க வேண்டாம்.”