நாலரை இஞ்ச் மிச்சம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். இரண்டாவது பரீட்சையில் நான் பாஸ். (மனைவியும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்!) முதலாவதில்தான் கோட்டை விட்டேன். அதுவும் வெறும் நாலரை இஞ்சில்.

2012-ல் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் அரை கிரவுண்ட் மனையில், 20 வருஷக் கடனில் வீடு ஆரம்பித்தேன். ஆபீஸில் எல்லோரும் கை குலுக்கிவிட்டு, டீக்கு என்னையே காசு கொடுக்க வைத்தார்கள். பிளான் போட்ட என்ஜினீயர் தெளிவாகத்தான் சொன்னார்: "வெளிச்சுவர் எல்லாம் 9 இஞ்ச். உள்ளே தடுப்புச் சுவர் மட்டும் 4½."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் கையுமாகப் போய் அளந்தேன். அப்பாவுக்கென்று ஒதுக்கிய மேற்கு அறையில் கட்டிலைப் போட்டால் பீரோ கதவு முழுசாகத் திறக்காது போலிருந்தது. நாலு இஞ்ச் இடிக்கிறது.

"மேஸ்திரி, இந்த ஒரு சுவரை மட்டும் நாலரையாப் போட்டா என்ன?"

"போட்டுடலாம் சார். பாரத்தைப் பில்லர் தாங்குது. சுவர் சும்மா மறைப்புக்குத்தானே!"

என்ஜினீயரிடம் சொல்லவில்லை. மிச்சம் சுமார் 450 செங்கல், கொத்துக்கூலி, அதோடு பீரோ கதவு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா கும்பகோணம் பக்கம் செங்கல் சூளையில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதியவர். லோடு வந்து இறங்கினால் போதும், இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். 'ணங்' என்றால் நல்ல கல். 'தொப்' என்றால் லாரி திரும்பிப் போகும். சூளையில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேகாது. நெருப்புக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது உருகிக் கறுத்துக் கோணிக்கொள்ளும். ஓரத்தில் இருப்பது வெளிறிப்போய் அரைவேக்காடாக நிற்கும். நடுவில் நிதானமாக வெந்ததுதான் செக்கச்செவேல் என்று வரும். "லோடு ராத்திரியில வந்தா ஜாக்கிரதைடா, அரைவேக்காட்டை நடுவுல ஒளிச்சிருப்பான்" என்பார்.

கல்லைச் சோதித்தவர் சுவரைப் பார்க்காமல் இருப்பாரா? மேற்குச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது.

"ஏன்டா, இது வெளிச்சுவர்தானே?"

"இடம் மிச்சம்ப்பா. உங்க பீரோவுக்காகத்தான்."

சுவரைக் கையால் ஒரு தடவை தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மகன்களுக்கு ரொம்ப வசதி.

2013-ல் கிரகப்பிரவேசம். பீரோ கதவு ஜம்மென்று திறந்தது.

அடுத்த மே மாதம் ஒரு நாள் ஜுரம் என்று மத்தியானமே வீடு திரும்பினேன். அப்பா மாடிப்படி நிழலில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். "இங்கே நல்லா காத்து வருதுடா" என்றார். நம்பிவிட்டேன்.

2015 நவம்பர் மழையில் எங்கள் பக்கத்தில் பல பேர் வீட்டுக்குள் வாசல் வழியாகத் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டில் சுவர் வழியாக வந்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, உள்ளே ஈரம் இந்தியா மேப் மாதிரி படர்ந்திருந்தது. அப்பாவின் கட்டில் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளிக் கிடந்தது. பீரோ? அதுவும் நகர்ந்து, கதவு கால்வாசிதான் திறந்தது. ராத்திரியெல்லாம் அப்பாவுக்கு இழுப்பு.

அன்றைக்குத்தான் மனைவி சொன்னாள். "மாமா ரெண்டு வருஷமா வெயில் காலத்துல மத்தியானம் அந்த ரூம்ல படுக்கறதே இல்லீங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. கடன்ல கட்டின வீடு, பையன் மனசு கஷ்டப்படும்னாங்க."

பாரத்தைப் பில்லர் தாங்கியது, வாஸ்தவம். வெயிலையும் மழையையும் யார் தாங்கியது? அப்பா.

மறுநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று பார்த்தால், பாடம் நடத்தினார்.

"நல்ல கல்லே தண்ணி குடிக்கும்டா. ஒரு நாள் பூரா ஊறப்போட்டா தன் எடையில அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் குடிக்கலாம்னு கணக்கு. அதுக்கு மேல குடிச்சா மட்டம். ஒன்பது இஞ்சுன்னா ரெண்டு கல்லைச் சேர்த்துக் கட்டறது. தண்ணி ஒரு இடுக்குல நுழைஞ்சாலும் உள்ளே இன்னொரு கல் மறிக்கும். நாலரையில ஒவ்வொரு இடுக்கும் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் நேரா வந்துடும். வெயிலும் அப்படித்தான். கனமான சுவர்ல சூடு உள்ளே வந்து சேர ராத்திரி ஆயிடும். இதுல சாயங்காலமே வந்து பக்கத்துல படுத்துக்குது."

"இடிச்சுடலாமாப்பா?"

"எதுக்கு? வெளியில 2 இஞ்ச் இடம் விட்டு இன்னொரு நாலரை எழுப்பு. ரெண்டையும் அங்கங்கே கம்பி வெச்சு இணைச்சுடு. நடுவுல இருக்கிற காத்து சூட்டைத் தடுக்கும். தண்ணி வந்தாலும் அந்தச் சந்துல இறங்கி, அடியில விடற ஓட்டை வழியா வெளியே போயிடும்."

என்ஜினீயரைக் கூப்பிட்டு உண்மையை ஒப்புக்கொண்டேன். முறைத்தார். பிறகு அப்பா சொன்னது சரி என்றார். புதுச் சுவருக்குத் தனி அஸ்திவாரம், ஆள் கூலி, அதே 450 செங்கல். இந்த முறையும் அப்பாதான் தட்டிப் பார்த்தார்.

கட்டி முடித்ததும் ஹோஸ் பைப்பை என் கையில் கொடுத்தார். "சிமென்ட் காயறதில்லடா. தண்ணியைக் குடிச்சுத்தான் இறுகும். பத்து நாள் நீயே நனை." காலையில் ஆபீஸுக்கு முன்னால் ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை நனைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், செவுரு வளர்க்கறீங்களா?" என்றார்.

அடுத்த ஏப்ரலில் ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது அப்பா தன் அறையில், தன் கட்டிலில், சுவரை ஒட்டிப் படுத்திருந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு இல்ல" என்றார். எனக்குத் தொண்டையை அடைத்தது.

"மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?"

பாதியைச் சொன்னேன்.

கணக்கெழுதியவர் இல்லையா... கண்ணை மூடிக்கொண்டே, "மீதிப் பாதியையும் சொல்லு" என்றார்.